சித்தியின் பத்திரிகையில் ஏறிய பழம்பாட்டு

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி ஒரு கேள்வி போட்டாள். எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்த செய்யுள் யாருக்காவது முழுதாக நினைவிருக்கிறதா என்று. அன்று முழுக்கப் பதில் வந்துகொண்டே இருந்தது. ஒருவருக்கு முதல் வரி, ஒருவருக்குக் கடைசி வரி, இன்னொருவருக்கு அதைத் தப்பாக எழுதி வாங்கிய பிரம்படி மட்டும். நமக்கெல்லாம் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதாகிறது. முட்டிவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று இதே குழுவில் விசாரிக்க ஆரம்பித்துவிட்டோம். பழங்கதை பேசும் தகுதி வந்துவிட்டது என்ற துணிச்சலில் இதை எழுதுகிறேன்.

எனக்கு முழுதாக நினைவிருக்கும் செய்யுள் ஒன்று உண்டு. ஆனால் அது நம் புத்தகத்தில் இருந்ததில்லை, என் அம்மாவின் புத்தகத்தில் இருந்தது. அந்தப் பதினோரு வரியால் என் சித்தியின் கல்யாணம் நின்றுபோக இருந்தது. காரணம் நான்தான். இருபது வருடம் கழித்து ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுக்கப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த அந்தத் தேர்தல் வருடத்துக் கோடை விடுமுறை. நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்தோம். அப்பா கலெக்டர் ஆபீசில் கிளார்க். அம்மா தொடக்கப்பள்ளி டீச்சர். தபால் வழியில் தமிழ்ப் பட்டம் வாங்கினால் உயர்நிலைப் பள்ளிக்குத் தமிழாசிரியையாகப் போகலாம் என்பதால் அம்மா படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை சிதம்பரத்தில். மற்ற தாள்களையெல்லாம் முடித்துவிட்டாள். பழைய இலக்கியத் தாள் ஒன்றுதான் பாக்கி. அதில் நாற்பது பாட்டு மனப்பாடம் செய்தாக வேண்டும், அடி பிறழாமல்.

அம்மாவுக்குத் தமிழ் மேல் தனிப் பிரியம் ஏதும் கிடையாது. அதை மறைத்ததும் கிடையாது. கணக்குப் பாடத்துக்கு இதே பதவி உயர்வு கிடைத்திருந்தால் கணக்கைப் படித்திருப்பேன் என்பாள். அவளுக்கு வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பாடப்புத்தகம் இட்லித் தட்டு அடுக்கு அளவுக்குத் தடிமனாக இருந்தது. முன் பாதியில் பாட்டு, பின் பாதியில் உரை. பஸ்ஸில் தூக்கிப் போக முடியவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிவாள்மனையில் வைத்து அதை நடுவில் இரண்டாக வகிர்ந்துவிட்டாள். அப்பா பதறிப்போனார். சரஸ்வதியை வெட்டலாமா என்று கேட்டார். அம்மா இரண்டு பாதிக்கும் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, கோந்து காய வெயிலில் வைத்தாள். உரைப் பாதி அவள் கைப்பைக்குள் போனது. பாட்டுப் பாதி வீட்டில் என் கைக்கு வந்தது.

எனக்கு என்ன வேலை என்றால், அம்மா ஒப்பிப்பதைப் புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்ப்பது. காலையில் கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே அவள் பாட்டை ஒப்பிப்பாள். நான் சமையற்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து, விட்டுப்போன சொல்லுக்கெல்லாம் பென்சிலால் அடிக்கோடு போடுவேன். ரேஷன் கடையில் சாமான் பேர் சொல்வது போலத்தான் அம்மா சொல்வாள். ஏற்ற இறக்கம் எதுவும் இருக்காது. நடுவில் உப்பு பார்ப்பாள், பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் ஜாஸ்தி போடச் சொல்வாள், விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்துக்கொள்வாள். தப்பு அதிகமான அன்று எனக்குத் தோசை தாமதமாகும்.

அம்மா ஒப்பிக்க, ஒப்பிக்க, அந்தப் பாட்டுகள் எனக்குத் தானாகவே மனப்பாடமாகிவிட்டன. அர்த்தம் ஒன்றும் தெரியாது. உரைதான் கைப்பையில் போய்விட்டதே. ஆனால் சில பாட்டுகளைச் சத்தமாகப் படித்தால் வாய்க்கு நன்றாக இருந்தது. குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன். குளியலறையில் அது இரண்டு மடங்கு நன்றாகக் கேட்கும். அதிலும் முப்பத்திரண்டாவது பாட்டு என்றால் எனக்கு உயிர். ஒரு தாய் பேசுகிறாள், மகளைப் பற்றிப் பேசுகிறாள், தண்ணீர் என்று ஏதோ வருகிறது, கடைசி வரி கேள்வியாக முடிகிறது. இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கடைசி வரிக்கு வந்ததும் எனக்கு அழுகை வந்துவிடும். ஏன் என்று சத்தியமாகத் தெரியாது. யாராவது கேட்டால் சிரிப்பார்களே என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் சொல்வேன்.

இப்போது சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தங்கை. அண்ணாகிராமம் பக்கத்தில் முந்திரிக் கொல்லை உள்ள குடும்பம் அவர்களுடையது. சித்திக்கு ஒன்பது வயதாகும்போது அவர்களுடைய அம்மா இறந்துபோனார்கள். அம்மா அப்போதுதான் கல்யாணமாகிக் கடலூர் வந்திருந்தாள். தங்கையையும் கூடவே கூட்டிவந்துவிட்டாள். நான் பிறக்கும் முன்பே சித்தி அந்த வீட்டில் இருந்தாள். மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

சித்தி எதையும் கேட்க மாட்டாள். இன்னொரு தோசை வேண்டும் என்றாலும் கேட்க மாட்டாள், தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். செருப்பு வார் அறுந்தால் ஊக்கு குத்திக்கொண்டு மாதக்கணக்கில் நடப்பாள். ஜுரம் வந்தால்கூட நாமாகத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, இருக்கிறதை வைத்துத் திருப்தியாக இருக்கிறாள் என்று அப்பா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். நானும் நம்பினேன். அக்கா வீட்டில் வளர்கிற பெண் கேட்டு வாங்கக் கூசுகிறாள் என்பது பெரியவர்கள் யாருக்கும் உறைக்கவில்லை என்று நான் புரிந்துகொள்ள எனக்கே கல்யாணமாக வேண்டியிருந்தது. அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. சித்தி கேட்காமலே அம்மா அவள் தட்டில் தோசை வைப்பாள்.

சித்திக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. மெடிக்கல் ஷாப் வைத்திருந்தார். அவருடைய அப்பா ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். வைகாசிக் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை கடையைத் திறந்ததும் காலையில் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், மூடும்போது ஒன்று. அப்பாவின் செல்போன் அந்த இரண்டு வேளையும் எப்படியோ சித்தியின் பக்கத்தில் இருக்கும். பேச்சு ஒன்றும் கிடையாது, மணி அடித்து நிற்கும், சித்தி எழுந்து உள்ளே போவாள். நானும் என் வயதுக்குத் தகுந்த கேலி செய்வேன்.

பத்திரிகையை அவரவர் வீட்டுக்கு அவரவர் அடிப்பது வழக்கம். மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகை முதலில் வந்தது. உள்ளே வாத்தியார் தானே எழுதிய வாழ்த்துப்பா ஒன்றை எட்டு வரியில் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். பண்ருட்டியில் பலாப்பழ மண்டி. அவர் வந்து உட்கார்ந்தால் எழுந்துபோய் ஒரு மணி நேரமானாலும் நாற்காலியில் பலாப்பழ வாசனை இருக்கும்.

“அவுங்க பத்திரிகையில பாட்டு கீது. நம்ம பத்திரிகை மட்டும் மொட்டையா இருந்தா இன்னா மரியாதை?” என்றார் மாமா. “நம்ம வீட்டுலயும் தமிழ் படிச்ச ஆளு இருக்குன்னு தெரியணும்மா. நல்லா பழைய பாட்டா, அம்மா பொண்ணப் பத்திப் பாடறாப்ல ஒண்ணு எடுத்துக் குடு.”

அம்மாவுக்கு அந்த வாரம் தேர்தல் பயிற்சி வகுப்பு. டீச்சர்களுக்கெல்லாம் பூத் வேலை போட்டிருந்தார்கள். பயிற்சி, பரீட்சை, கல்யாணம் மூன்றும் ஒரே மாதத்தில் வந்து உட்கார்ந்திருந்தன. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, அந்தப் புத்தகத்தில் தாய் மகளைப் பற்றிச் சொல்கிற பாட்டு ஏதாவது இருந்தால் மாமாவுக்கு எழுதிக் கொடு என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

எனக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. முப்பத்திரண்டாம் பாட்டைப் புத்தகம் பார்க்காமலே எழுதி, பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டு, என் அழகான கையெழுத்தில் கோடு போட்ட தாளில் கொடுத்தேன். மகள் புருஷன் வீட்டுக்குப் போன பிறகு அம்மா ஏங்குகிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கல்யாணப் பத்திரிகைக்கு இதைவிடப் பொருத்தம் வேறு என்ன வேண்டும். மாமா படித்துப் பார்த்தார். ஒரு வார்த்தையும் புரியவில்லை என்றும், அதனால் நிச்சயம் நல்ல பாட்டாகத்தான் இருக்கும் என்றும் சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அறுநூறு பத்திரிகை. சந்தன நிற அட்டை, சிவப்பு எழுத்து, உள்ளே வலப்பக்கம் முழுக்க என் பாட்டு. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ நானும் உட்கார்ந்தேன். விரலெல்லாம் மஞ்சள். முதல் பத்திரிகையை மாமா வடலூர் சபையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். அம்மா பயிற்சியிலிருந்து வந்து பத்திரிகையைப் பிரித்து, முதல் வரியைப் பார்த்து, தாய்ப் பாட்டுதானே என்றாள். ஆமாம் என்றேன். என் தலையைத் தடவிவிட்டு உலை வைக்கப் போனாள். முப்பத்திரண்டாம் பாட்டுக்கு இன்னும் அவள் உரை படிக்கவில்லை. முதலில் மனப்பாடம், உரையைக் கடைசி பத்து நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் திட்டம்.

தேர்தல் முடிந்த மூன்றாம் நாள் மாமா மண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். சிதம்பரத்திலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா போன் செய்திருக்கிறார். பத்திரிகையில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்துதான் போட்டீர்களா, வந்து பதில் சொல்லிவிட்டு மேற்கொண்டு காரியத்தைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். அம்மா கைப்பையிலிருந்து உரைப் பாதியை எடுத்தாள். விரலால் எண்ணைத் தேடி நிறுத்தி, வாய்க்குள் படித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள். மகள் தான் விரும்பியவனோடு ஊர் அறியாமல் போய்விட்ட பிறகு, அவளை வளர்த்த செவிலித்தாய் வருந்திச் சொன்னது.

மாமா நாற்காலியில் உட்கார்ந்து, ஓடிப்போன பெண்ணின் பாட்டை அறுநூறு பத்திரிகையில் அடித்து மஞ்சள் தடவி வைத்திருக்கிறோம் என்று மெதுவாகச் சொன்னார். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் வயதைத் தாண்டிவிட்டேனே என்று வருத்தமாக இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் மோசம். அன்று மாலை மிஸ்டு கால் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சித்தி செல்போன் பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அதையும் அவள் யாரையும் கேட்கவில்லை.

மாமா சும்மா இருக்கிறவர் இல்லை. மறுநாள் காலை பிள்ளையார் படம் போட்ட ஸ்டிக்கர் ஒரு பை நிறைய வாங்கிவந்தார். மிச்சமிருந்த பத்திரிகைகளில் பாட்டின் மேல் பிள்ளையாரை ஒட்டுவது என்று திட்டம். ஒரு பிள்ளையார் நாலு வரியைத்தான் மறைத்தார். பாட்டு பதினோரு வரி. ஆகவே பத்திரிகைக்கு மூன்று பிள்ளையார். அப்பாவும் மாமாவும் நானும் உட்கார்ந்து ஒட்டினோம். மூன்று பிள்ளையாரையும் தாண்டிக் கடைசிக் கேள்வியில் பாதி வெளியே தெரிந்தது. அதை மறைக்க நாலாவது பிள்ளையார் வேண்டும் என்று அப்பா சொன்னபோது, அந்தக் கலவரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரஸ்காரன் வேறு ஏதோ பாட்டை மாற்றிப் போட்டுவிட்டான் என்று சொல்லிவிடலாம் என்பது மாமாவின் அடுத்த யோசனை. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. பாவம், கொடுத்ததை அச்சுக் கோத்தவன் மேல் எதற்குப் பழி என்றாள்.

அன்று பிற்பகல் சித்தி கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவளே, அந்தப் பாட்டை ஒரு தரம் சொல்லேன் என்றாள். சித்தி என்னிடம் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. சொன்னேன். அர்த்தம் என்ன என்றாள். உரைப் பாதியைக் கொண்டுவந்து அதையும் படித்தேன். என் மகள் தாகமெடுத்தாலும் வாய்விட்டுத் தண்ணீர் கேட்க அறியாதவள், அவள் முகம் பார்த்துத் தாகம் அறிந்து தருவார் போன இடத்தில் யார் உளர். கடைசிக் கேள்வி அதுதான். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நான் அழுதது எதற்கு என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சித்தி துணியைப் பிழிந்துகொண்டே, நல்லாத்தான் இருக்கு என்றாள். பிறகு வெகுநேரம் ஒரே துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் அம்மாவும் மாமாவும் சிதம்பரத்துக்குக் கிளம்பினார்கள். நீயும் வா என்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டாள். பஸ்ஸில் படிக்கலாம் என்று புத்தகத்தின் இரண்டு பாதியும் பையில் வந்தன. பரீட்சைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மாமா சமாதானத்துக்கு என்று முழுப் பலாப்பழம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். முதுநகர் தாண்டும் வரை கருவாட்டு வாசனையும் பலா வாசனையும் பஸ்ஸுக்குள் சண்டை போட்டன. அம்மா வழியெல்லாம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தைத் தொடவில்லை.

வாத்தியார் வீட்டுக் கூடத்தில் ஐந்தாறு நாற்காலி போட்டிருந்தார்கள். வாத்தியார் ஒல்லியாக, கதர்ச் சட்டையில் இருந்தார். மாப்பிள்ளை கதவோரம் நின்றிருந்தார். பேசியதெல்லாம் பெரியப்பாதான். பலாப்பழத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது நடுக்கூடத்தில் உட்கார்ந்து எல்லோர் மூக்கையும் துளைத்துக்கொண்டிருந்தது. மாமா கொண்டுபோன பத்திரிகையை, பிள்ளையார் ஒட்டியது என்ற தைரியத்தில், வாத்தியார் கையில் கொடுத்தார். வாத்தியார் அதை மடியில் வைத்துக்கொண்டார்.

“பொண்ணு ஊருக்குத் தெரியாம ஓடிப்போன பாட்ட பொண்ணு வீட்லயே அச்சடிச்சுக் குடுத்தா நாலு பேரு இன்னா நெனப்பாங்க?” என்றார் பெரியப்பா. “எங்க பொண்ணு ஏற்கெனவே போயிட்டு வந்தவன்னு நீங்களே சொல்றாப்ல இல்ல? இந்தக் கல்யாணம் நடக்கணுமான்னு நாங்க யோசிக்கிறோம்.”

அப்போது வாத்தியார் முதல் தடவையாக வாயைத் திறந்து, பாட்டைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றாள் அம்மா. அவள் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தாங்கவில்லை. இல்லை, நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். குரல் கீச்சென்று வந்தது. வாத்தியார் என்னைப் பார்த்து, அர்த்தம் தெரியுமா என்றார். அப்போது தெரியாது என்றேன். தெரியாமல் ஏன் எழுதினாய் என்றார். சொல்லிப் பார்த்தால் அழுகை வரும், அதனால் எழுதினேன் என்றேன்.

பெரியப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கல்யாணப் பத்திரிகையைச் சின்னப் பெண் கையில் கொடுக்கிற அளவுக்குத்தான் இவர்களுக்கு அக்கறை என்றார். கல்யாணத்தைக் காப்பாற்ற உண்மையைச் சொல்லி அதை இன்னும் கெடுத்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது.

அம்மா எழுந்து நின்றாள். வகுப்பில் நிற்கிற மாதிரி நின்றாள்.

“ஐயா, தப்பு என்னுதுதான். எனக்கு நேரமில்லன்னு புள்ளகிட்ட குடுத்துட்டேன்,” என்றாள். “ஆனா ஒண்ணு சொல்லிடறேன். எந்தங்கச்சிக்கு ஒம்போது வயசுல எங்கம்மா போயிட்டாங்க. எங்கூடவே கூட்டியாந்தேன். நான் பெத்தவ இல்ல, வளத்தவ. இந்தப் பாட்டுல பேசறவளும் வளத்தவதான். பொண்ணு ஏன் போனா, யாருகூடப் போனான்னு அவ ஒரு வார்த்த கேக்கல. எம்பொண்ணுக்குத் தாகம்னாகூட வாய்விட்டுக் கேக்கத் தெரியாதே, போன எடத்துல யாரு மொகத்தப் பாத்துக் குடுப்பாங்கன்னுதான் கேக்கறா. எந்தங்கச்சியும் அப்படித்தான். நிச்சயம் பண்ண நாள்லேருந்து எனக்கும் அது ஒண்ணுதான் கவல. சம்பந்தி வீட்டுல போயி அத எப்படிக் கேக்கறதுன்னு தெரியாம இருந்தேன். இப்ப அர்த்தம் தெரிஞ்சு நானே பாட்டு எடுத்தாலும் இதத்தான் எடுப்பேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். வாத்தியார் மடியிலிருந்த பத்திரிகையைப் பிரித்தார். முதல் பிள்ளையாரின் ஓரத்தை நகத்தால் நெம்பி, அட்டை கிழியாமல் மெல்ல உரித்தார். அடுத்ததையும் உரித்தார். மூன்று பிள்ளையாரையும் நாற்காலிக் கையில் வரிசையாக ஒட்டிவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை வாய்க்குள் படித்தார். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“முப்பத்தஞ்சு வருஷம் இந்தப் பாட்ட நடத்தியிருக்கேம்மா,” என்றார் வாத்தியார். “யாரு யாருகிட்ட சொன்னதுன்னு போர்டுல எழுதிப் போடுவேன். சொல்லுக்குப் பொருள் எழுதிப் போடுவேன். பசங்க எழுதிக்குவாங்க. இவ்ளோ பெரிய கேள்வி கேட்டாளே, அவளுக்கு ஒருத்தரும் பதில் சொல்லலியேன்னு எனக்கு ஒரு நாளும் தோணல. பாட்டு அங்கயே முடிஞ்சிடுது.” அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். “இன்னிக்கு எங்கிட்ட கேட்டுட்டீங்க. நான் பதில் சொல்றேன். இந்த வீட்ல உங்க பொண்ணு எதையும் கேட்டு வாங்கவேண்டியிருக்காது. நாங்க பாத்துக் குடுப்போம்.”

அவர் தங்கச்சி என்று சொல்லவில்லை. உங்க பொண்ணு என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியப்பா ஏதோ சொல்ல வந்தார். அண்ணே, பத்திரிகை அப்படியே இருக்கட்டும், யாராவது கேட்டா எங்கிட்ட அனுப்புங்க, உரை நான் சொல்லிக்கிறேன் என்று வாத்தியார் முடித்துவிட்டார். பிறகு கதவோரம் நின்ற மகனைக் கூப்பிட்டு, பத்திரிகையை அவர் கையில் கொடுத்து, கல்யாணத்துக்குள் மனப்பாடம் பண்ணு என்றார். முழுசுமாப்பா என்று கேட்டார் மாப்பிள்ளை. மெடிக்கல் ஷாப்காரருக்குப் பதினோரு வரி கொஞ்சம் ஜாஸ்திதான். அடி பிறழாமல் என்றார் வாத்தியார். அதற்குப் பிறகுதான் யாரோ ஒருவர் அரிவாளும் நல்லெண்ணெயும் கொண்டுவந்தார்கள். பலாப்பழத்தை மாமாவே உட்கார்ந்து அறுத்தார். முதல் சுளையைப் பெரியப்பாவுக்குக் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார், இரண்டாவதைக் கேட்டே வாங்கினார்.

திரும்பும்போது பஸ்ஸில் எங்களுக்கு இடம் கிடைத்தது. மாமா புவனகிரி முக்கில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போய்விட்டார். வெயில் சாய்ந்து பரவனாற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. எனக்குப் பெரிய நிம்மதி. விரலில் பலாப் பிசின் ஒட்டிக்கொண்டிருந்தது, அதைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பரீட்சை வருகிறதே, வழக்கம்போல் ஒப்பிப்பாள் என்று பையிலிருந்து பாட்டுப் பாதியையும் பென்சிலையும் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அம்மா ஒப்பிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், “நாப்பது பாட்ட மனப்பாடம் பண்ணிட்டேன்டி. படிச்சது ஒண்ணுதான்,” என்றாள்.

என் கையிலிருந்த பென்சிலை வாங்கிப் பைக்குள் போட்டாள். உரைப் பாதியை எடுத்துத் தன் மடியில் விரித்துக்கொண்டாள்.

“மொதப் பாட்டுலேருந்து நீ படி, நான் கேக்கறேன்,” என்றாள். “மெதுவா படி. மார்க்குக்கு இல்ல.”